பேர் சொல்லக் கூடாத ஆஸ்பத்திரி

மயிலாப்பூரில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு நகைக்கடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு நர்சிங் ஹோமில் நான் வார்டு சிஸ்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. ஊருக்குச் சென்னை என்று பேர் மாற்றியாகிவிட்டது. எங்கள் லெட்டர்பேடில் மட்டும் இன்னும் மெட்ராஸ்தான். பழைய தாள் தீரட்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அங்கே எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதெல்லாம் மேடம் கையில்தான். பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்வார், சாயங்காலம் கடற்கரையில் நடப்பார், மற்ற நேரத்தில் மனைவி சொல்வதற்குத் தலையாட்டுவார். மருத்துவமனையை நடத்தியது அந்த அம்மாள். அவர் படித்தது ஆங்கில இலக்கியம். எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகளைப் பார்த்தால் அது தெரியும். ஒரு சாதாரண விஷயத்தைக்கூட இரண்டு முறை படித்தால்தான் விளங்கும்.

அந்த வருஷங்களில் தனியார் டாக்டர்களையும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று ஆகிவிட்டது. அதைக் கேட்டு எங்கள் ஆஸ்பத்திரி ஆடிப் போய்விட்டது. சிகிச்சையை ஒழுங்காகச் செய்தால் பயப்பட என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் வேலையாக ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் வந்து, அட்மிஷன் போடும்போதே கையெழுத்து வாங்குவதற்கு ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஒன்று தயாரித்துக் கொடுத்தார். என்ன நடந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்பதுதான் அதன் சாரம். தப்பு நடந்தால் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கவே கூடாது, கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும் அவர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். சட்டம் என்றால் அவருக்கு அவ்வளவுதான். நோயாளி என்பவர் நாளைக்கு எதிர்க்கட்சிக்காரர், அதற்குமேல் ஒன்றுமில்லை.

அடுத்து வந்தவர் தர நிபுணர். கிண்டி தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்யும் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் பேஜர், கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுத் தரச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பதாக மேடத்திடம் ஏற்றுக்கொண்டிருந்தார். வாரா வாரம் எங்களுக்கு வகுப்பு எடுப்பார். ஒரு போல்ட்டில் குறை வந்தால் அந்த லாட் முழுக்கத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பார். நாங்கள் கால் கடுக்க நின்று கேட்போம். நோயாளிகளை எங்கே திருப்பி அனுப்புவது என்று ஒரு முறை கேட்டேன். அதிலிருந்து என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

இவர் செய்த மகத்தான சீர்திருத்தம் ஒன்று உண்டு. இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் எங்களிடம் படுத்திருந்தார். ஒரு நர்ஸ் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊசி போட வந்தாளாம். ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள் என்று அவர் மேடத்திடம் குறைபட்டுக்கொண்டார். மறுநாளே நிபுணர் யோசனைப்படி சுற்றறிக்கை. நோயாளிகளை இனி யாரும் பேர் சொல்லி அழைக்கக் கூடாது. ஐயா, அம்மா, மாமா, மாமி என்றுதான் அழைக்க வேண்டும். பேர் என்ன என்று கேட்பதும் மரியாதைக் குறைவு. நர்சுகள் தங்களுக்குள் பேசும்போது ஜன்னல் கட்டில், கதவுக் கட்டில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் நேராக நிபுணரிடம் போனேன். நர்சிங் படிப்பில் முதல் வருஷம் சொல்லிக் கொடுப்பதே, மருந்தைக் கொடுக்கும் முன் ஆள் யார் என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள் என்பதுதான் என்றேன். அவர் சிரித்தார். 

"சிஸ்டர், கஸ்டமர் ஈஸ் காட். கடவுள்கிட்ட போய் உங்க பேர் என்னன்னு கேப்பீங்களா?"

"கோயில்ல அர்ச்சனைக்கு நின்னா குருக்கள் மொதல்ல பேரைத்தான் சார் கேக்கறாரு. நட்சத்திரத்தையும் சேர்த்துக் கேக்கறாரு. யார் பேருக்குப் போகணுமோ அவங்க பேருக்குப் போகணும்னுதானே?"

அவர் சுருட்டிய சார்ட்டை விரித்து மறுபடியும் சுருட்டினார். சுற்றறிக்கை மட்டும் நர்ஸ் ஸ்டேஷன் சுவரில் அப்படியே இருந்தது.

எங்கள் இரட்டைக் கட்டில் அறைகளில் இன்னொரு தொந்தரவு. அறை ஒடுக்கம். அதனால் ஒரு கட்டிலின் தலைமாடு ஒரு சுவரில், இன்னொன்றின் தலைமாடு எதிர்ச் சுவரில். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தால் தலை வடக்கே போகும். மயிலாப்பூரில் ஆஸ்பத்திரி கட்டுகிறவர் இதை யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வந்து படுக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் யோசித்தார்கள். வியாதி என்ன என்று கேட்கும் முன்னால் திக்கு என்ன என்று கேட்பார்கள். சிலர் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றித் திரும்பிப் படுப்பார்கள். நோயாளிக்கு என்ன மருந்து என்று எழுதிய சார்ட்டோ கட்டிலில் இல்லை, சுவரில் ஆணியடித்துத் தொங்கும். கட்டிலில் மாட்டினால் அசிங்கமாக இருக்கிறது என்று மேடம் சொன்னதால் அந்த ஏற்பாடு.

அப்படி ஓர் அறையில் அந்தச் சமயம் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னல் கட்டிலில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். மாட வீதிகளில் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். கதவுக் கட்டிலில் சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்த ஓர் அம்மாள். தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பவள். ஆட்டோ ஓட்டும் மகன், அம்மாவைத் தனியார் ஆஸ்பத்திரியில்தான் காட்டுவேன் என்று பிடிவாதமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். வக்கீலின் காகிதத்தில் மகனிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். எடுக்கப் போவது அவள் உடம்பிலிருந்து. அவளை யாரும் கேட்கவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் மேடம் வீட்டில் பூஜை முடித்துவிட்டுக் குங்குமத் தட்டோடு அறை அறையாக வருவார். அதே நேரத்தில்தான் ராத்திரி நர்சுகள் காலை நர்சுகளிடம் வார்டை ஒப்படைப்பார்கள். நாங்கள் எல்லோரும் நர்ஸ் ஸ்டேஷனில் கூடி நிற்போம். வார்டில் ஆயா மட்டும் இருப்பாள். அன்றைக்கு ஆசிரியையின் மகள் பெசன்ட் நகரில் இருந்து வந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிகிறதல்லவா, அதை வைத்துத் திசையைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மேடம் உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள். அங்கே நடந்த பேச்சைப் பிறகு எனக்கு ஆயாவும் சொன்னாள், கதவுக் கட்டில் அம்மாளும் சொன்னாள்.

"அம்மா வடக்கே தலை வெச்சுண்டு படுத்துண்டிருக்கா மாமி. புண் ஆறலையேன்னு பாத்தா, இதான் காரணம் போலிருக்கு."

"அடடா, மொதல்லயே சொல்லப்படாதோ? அந்தக் கட்டிலுக்கு மாத்திண்டுடுங்கோ. ஆயா, இவாளைக் கொஞ்சம் ஜன்னலண்டை படுக்க வை."

கதவுக் கட்டில் அம்மாள் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அவளே மெல்ல எழுந்தாளாம்.

"எனக்கு எந்த பக்கம் தல வெச்சா இன்னா, தூக்கம் வந்தா சரி. வயசானவங்க, நல்லா இருக்கட்டும்."

இருவர் இடமும் மாறியது. துணிமணி, பிளாஸ்க், வெற்றிலைப் பெட்டி எல்லாம் மாறின. சுவரில் தொங்கிய சார்ட்டுகள் மாறவில்லை. ஆயாக்கள் சார்ட்டைத் தொடக் கூடாது என்பது மேடம் போட்ட இன்னொரு விதி. அவர் இருவருக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்சுகளிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அன்றைக்குக் காலை ஊசிகள் ஒரு சின்னப் பெண்ணின் பொறுப்பு. நாகர்கோவில் பக்கத்துப் பெண். லீவில் ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். அந்த இரண்டு பேரையும் அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஜன்னல் கட்டிலுக்கு இன்சுலின் என்று எழுதிக் கொடுத்தார்கள், கட்டிலுக்கு நேராக இருந்த சார்ட்டிலும் அப்படித்தான் இருந்தது. அம்மா, ஊசி என்றாள். அந்த அம்மாள் கையை நீட்டினாள். ஆபரேஷன் ஆன உடம்புக்கு ஏதோ போடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

நான் ரவுண்டு போனபோது அவளுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. புடவையெல்லாம் நனைந்திருந்தது. கூப்பிட்டால் ஏதோ குழறினாள். கை சில்லென்று இருந்தது. காலைச் சாப்பாடு இன்னும் வரவில்லை. கதவுக் கட்டிலில் ஆசிரியை நிம்மதியாகப் படுத்திருப்பதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டியூட்டி டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். குளுக்கோஸை நரம்பில் ஏற்றினோம். சின்னப் பெண் பக்கத்தில் நின்று எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, பசிக்குது என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அது ஒரு முறைதான்.

இன்சுலினைத் தவறவிட்ட ஆசிரியைக்கு உடனே போட்டாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கு என்ன ஆனது என்று கேட்ட மகனிடம், ஆபரேஷன் ஆன பலவீனம், அவ்வளவுதான் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். மேடம் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்.

மறுநாள் தரக் குழு கூடியது. தலைவர் மேடம். ஏசி அறை, டிகிரி காபி, பக்கத்து மெஸ்ஸில் இருந்து வடை. நிபுணர் சுவரில் சார்ட்டை ஒட்டினார். ஒரு தவறுக்குக் காரணங்களைக் கண்டுபிடிக்க மீன் முள் மாதிரி ஒரு படம் போடுவார்கள். தலைப்பக்கம் தவறு, முள் முள்ளாகக் காரணங்கள். மீன் என்ற பேச்சு எடுத்தாலே மேடத்துக்கு முகம் சுளிக்கும் என்பதால் எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் அதற்கு வாழையிலைப் படம் என்று பேர். நடு நரம்பு, பக்க நரம்பு. இதை நான் கற்பனை செய்யவில்லை. படித்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்த பேர் அது.

அன்றைய வாழையிலையில் ஒவ்வொரு நரம்பாக எழுதினார். நர்சின் கவனக்குறைவு. நர்சின் அவசரம். நர்சுக்குப் பயிற்சி போதாது. நர்ஸ் நோயாளியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"சார், ஒரு நரம்பு விட்டுப் போச்சு" என்றேன். "கட்டில் மாத்தினது."

மார்க்கர் அப்படியே நின்றது. மேடம் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது பிராசஸ் இல்லையே சிஸ்டர்" என்றார் நிபுணர்.

"பேர் கேக்கக் கூடாதுன்னு சொன்னது பிராசஸ்தானே? அதையாவது எழுதுங்க."

"மரியாதை வேற, அஜாக்கிரதை வேற" என்றார் மேடம். "மரியாதையா கூப்பிடுங்கோன்னு சொன்னேனே தவிர, ஆள் மாத்தி ஊசி போடச் சொன்னேனா?"

பெரிய டாக்டர் வடையை விண்டுகொண்டே தலையாட்டினார். ஆயாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். ஆயா வந்தாள். கதவோரம் நின்று, எனக்கு ஒன்னும் தெரியாதுங்க என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த அறையில் பயப்படுவதற்கு உண்மையான காரணம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். என் கவனக்குறைவால் இந்தத் தவறு நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே சேரும்போதே நர்சுகளின் அசல் சான்றிதழ்களை வாங்கி மேடத்தின் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பாதியில் ஓடிவிடாமல் இருக்க. படிப்புச் சான்றிதழ், நர்சிங் கவுன்சில் பதிவு, எல்லாம் அதற்குள்தான். நான் சேரும்போது நகல்தான் கொடுப்பேன் என்று சண்டை போட்டுத் தப்பித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அவள் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தேர்வாகியிருந்தாள். அசலும் நல்லபடியாக ஓர் அனுபவச் சான்றும் கையில் இருந்தால்தான் போக முடியும். கவனக்குறைவால் நீக்கப்பட்டவர் என்று எழுதிக் கொடுத்தால் குவைத் மட்டுமல்ல, பக்கத்து மந்தைவெளியில்கூட வேலை கிடைக்காது.

"நான் பேரு கேக்கல்ல சிஸ்டர்" என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "கேக்கப்படாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்காங்கல்லா. அதாலதானே நான் கேக்கல்ல."

கையெழுத்துப் போடாதே, யார் கேட்டாலும் என்னைக் கேட்கச் சொல் என்றேன். ஆசிரியையின் மகளிடம் போனேன். கட்டில் மாற்றச் சொன்னது யார் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் போதும் என்றேன்.

"எங்களுக்கு எதுக்கு சிஸ்டர் வம்பு? அம்மாக்குப் புண் இப்பத்தான் ஆறிண்டு வர்றது" என்றாள்.

ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மை பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தலை இப்போது தெற்கே இருந்தது, எல்லாம் சாஸ்திரப்படி.

அதன் பிறகு எனக்கு ஒரு வழிதான் இருந்தது. உண்மையில் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், யாராவது, குழு கூடுவதற்கு முன்னாலேயே. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் கட்டில் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு உங்களுக்கு வந்தது பலவீனம் இல்லை, இன்னொருவருக்குப் போட வேண்டிய மருந்தை உங்களுக்குப் போட்டுவிட்டோம், அதனால்தான் வியர்த்தது என்றேன். கட்டில் மாறியது எங்களுக்குத் தெரியாமல் போனதையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். வக்கீல் கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"பாக்காம வுட்டிருந்தா செத்துருப்பனா?"

"ஆபத்துதாம்மா."

"பலகீனம்னாங்களே, சிஸ்டர். எம் புள்ள கூட இன்னா சொன்னான் தெரியுமா? நீ ஒயுங்கா சாப்புடாம கொள்ளாம வேலைக்கு ஓடிகினு இருந்தல்ல, அதான் இப்டின்னு என்னியே திட்னான். நானும் எந்தப்புதான்னு நெனச்சிகினு கெடக்குறேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஆளை மாற்றி ஊசி போட்டதோடு விடாமல், பழியையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

"அந்த நாரோயிலு பொண்ணு எங்க? ரெண்டு நாளா இந்தப் பக்கமே காணோம்."

அவளை வார்டுக்குள் விடாமல் கட்டுத் துணி மடிக்க வைத்திருக்கிறார்கள் என்றேன். பீரோவில் பூட்டிய சான்றிதழ்களைப் பற்றியும் சொன்னேன். 

அடுத்த வாரம் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனியில் இருந்து ஆய்வாளர் வந்தார். பெங்களூரில் இருந்து, மயிலாப்பூர் வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு. தமிழ் தெரியாது. வார்டெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்து, பூச்சாடி வைத்து, எங்கள் எல்லோருக்கும் புதுத் தொப்பி கொடுத்திருந்தார்கள். நிபுணர் முன்னால், மேடம் பக்கத்தில், பெரிய டாக்டர் பின்னால். நோயாளிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதியாம். அறைக்குள் நுழைந்து ஜன்னல் கட்டில் பக்கம் போய், உங்களுக்கு இங்கே ஏதாவது குறை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடம் அதைத் தமிழில் கேட்டார்.

அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"கொறையா? வேற ஆளுக்குப் போட வேண்டிய ஊசிய எனக்குப் போட்டுட்டாங்க நைனா. சாவப் பாத்தேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. கட்டில மாத்திப் படுக்க சொன்னது தோ நிக்குதே, இந்த அம்மாதான். ஊசி போட்ட பொண்ணு மேல பயிய போட்டுகினு கீறாங்க."

ஆய்வாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் முகம் மாறவே இல்லை. இங்கே எல்லோரும் தன்னைச் சொந்தக் குடும்பம் போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இலக்கியம் படித்தது வீண் போகவில்லை.

ஆய்வாளர் புன்னகையோடு ஏதோ குறித்துக்கொண்டார். நான் முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவங்க அப்படிச் சொல்லவில்லை சார் என்று ஆரம்பித்து, அந்த அம்மாள் சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன்.  ஆய்வாளர் டையைச் சரி செய்துகொண்டார்.

"ஊசி போடுவதற்கு எழுதப்பட்ட வழிமுறை இருக்கிறதா?" என்று நிபுணரைக் கேட்டார்.

"இருக்கிறது சார்." கையில் தயாராக வைத்திருந்த கோப்பை நீட்டினார்.

அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிறது, அது போதும், மற்றது உங்கள் உள் விவகாரம், என் ஆய்வில் வராது என்றார். அடுத்த அறைக்குப் போனார்கள். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்த மனிதர், கட்டிலில் உயிரோடு உட்கார்ந்து பேசியவளை விட்டுவிட்டுக் கோப்பைத்தான் பரிசோதித்தார். தரம் என்றால் அதுதான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. மகனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த நண்பர்களோடு வந்து வாசலில் நின்று, யாரு அந்த ஓனரு என்று கேட்டான். மேடம் வக்கீலுக்குப் போன் செய்தார். ஆய்வாளர் முன்னாலேயே பேச்சு வந்துவிட்டதே, இனி சமாதானமாகப் போவதுதான் நல்லது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. மேடம் குங்குமத் தட்டோடு வந்தார், வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும். தட்டில் பழம், பூ, பாண்டி பஜார் கடைப் பையில் ஒரு புடவை. பின்னால் நிபுணர். அறை வாசலில் நானும் சின்னப் பெண்ணும் நின்றோம். அவளை நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"நடந்தது நடந்துடுத்தும்மா" என்றார் மேடம். "நீங்க எங்காத்து மனுஷி மாதிரி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேங்கோ."

அந்த அம்மாள் தட்டைத் தொடவில்லை.

"உங்க வூட்டு மனுசியா? சரி. எம் பேரு இன்னா, சொல்லு."

மேடம் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் சுவரைப் பார்த்தார். சுவரில் தொங்கிய சார்ட்டை, டிஸ்சார்ஜ் காகிதம் எழுதுவதற்காகக் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. வெறும் ஆணிதான் இருந்தது. மேடம் வாயைத் திறந்தார், அம்மா என்று ஆரம்பித்தார், நின்றுவிட்டார். அந்த அம்மாள் காத்திருந்தாள். 

வாசலில் இருந்து சின்னப் பெண் பேரைச் சொன்னாள். உரக்க, முழுப் பேரையும், தகப்பன் பேரோடு சேர்த்து. அந்த ஊசிக்குப் பிறகு அவள் அதை மறந்திருக்க வழியே இல்லை.

"ஆங்" என்றாள் அந்த அம்மாள். "அதுக்குத் தெரியிது பாத்தியா? எனக்குப் பொடவ வேணாம். அந்தப் பொண்ணு காயிதத்த எல்லாம் பூட்டி வெச்சிகினு கீறியே, அத்த எங்கண்ணு முன்னாடி எடுத்துக் குடு. அப்பறம்தான் நான் இங்கேர்ந்து எய்ந்திருப்பேன்."

மகன் ஆட்டோவை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் அசையவில்லை. மேடம் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது கையில் பழுப்பு உறை இருந்தது. சின்னப் பெண் அதைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் இருக்கு சிஸ்டர் என்றாள். அனுபவச் சான்றிதழும் அன்றைக்கே டைப் அடித்துக் கொடுத்தார்கள். மிகச் சிறந்த நர்ஸ் என்று அதில் இருந்தது. கூடிய சீக்கிரம் குவைத்துக்குப் போய்த் தொலையட்டும் என்ற ஆசையில் எழுதியது என்றாலும், எழுதியது உண்மைதான்.

அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். சின்னப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போனாள். புடவை கட்டிலிலேயே கிடந்தது. அடுத்த நோயாளி வருவதற்குள் ஆயா அதை எடுத்துப் போய் மேடத்தின் அறையில் வைத்தாள்.

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. நானே மாதக் கடைசியில் அடையாறில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். போவதற்கு முன் தரச் சான்றிதழ் வந்துவிட்டது. வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, பெரிய டாக்டர் விளக்கேற்ற, நிபுணர் பேச, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். நான் என் பங்கு கேசரியை வாங்காமல் என் சாமான்களை எடுத்து வர நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நோயாளிகளைப் பேர் சொல்லி அழைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கை சுவரில் அப்படியே இருந்தது. சான்றிதழ் விழாவுக்காக அதற்கும் புதிதாகச் சட்டம் போட்டிருந்தார்கள்.